தாத்தா வயது என்ன? – வயதுக் கணக்கும் சமன்பாடும்

(மும்பையில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் உபன்யாசம் நடந்திருக்கிறது, கச்சேரி நடந்திருக்கிறது, சர்க்கரை வியாதியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் டாக்டர்கள் பேசியிருக்கிறார்கள். கணக்குப் பாடம் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "சனிக்கிழமை வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவதில் ஒன்றை எடுத்துக்கொண்டு பெரியவர்களுக்கும் ஒருநாள் சொல்லுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். யோசித்துப் பார்த்ததில் வயதுக் கணக்குதான் சரி என்று பட்டது. இங்கே வந்திருப்பவர்களில் எல்லோரிடமும் நிச்சயமாக இருக்கும் பொருள் வயது ஒன்றுதான். பலரிடம் அது தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஏன் வயதுக் கணக்கு?

ஆறாவது, ஏழாவது வகுப்பில் குழந்தைக்கு அல்ஜீப்ரா ஆரம்பமாகிறது. கொஞ்ச நாளிலேயே, "அப்பாவின் வயது பிள்ளையின் வயதைப் போல் மூன்று மடங்கு, ஐந்து வருஷத்துக்கு முன்னால்..." என்று ஒரு கணக்கு வந்துவிடும். பத்தாவதில் இரண்டு சமன்பாடுகளோடு அதே அப்பாவும் பிள்ளையும் திரும்பி வருவார்கள். படிப்பு முடிந்து வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு, ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் தேர்வு என்று போனால் அங்கேயும் அவர்கள் காத்திருப்பார்கள். ஏழாவதில் இவர்களைக் கண்டு ஓடிய குழந்தை இருபத்திரண்டு வயதிலும் ஓடுகிறது. அதை நான் பார்த்திருக்கிறேன்.

என் சனிக்கிழமை வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பெண் இருந்தாள். மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் இருபது என்று எழுதிக் கொடுத்தால், எக்ஸ் ஐந்து என்று அடுத்த நிமிஷம் சொல்லிவிடுவாள். ஆனால் வாக்கியமாக வரும் கணக்கு ஒன்றையும் தொடமாட்டாள். நோட்டில் அந்த இடமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "ஸ்டோரி சம் எனக்கு வராது மாமா" என்றாள். ஒரு கணக்கை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். 'ஃபைவ் இயர்ஸ் ஹென்ஸ்' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். 'ஹென்ஸ்' என்றால் 'ஆகையால்' என்றுதான் அவளுக்குத் தெரியும். "ஐந்து வருஷம் ஆகையால்" என்றால் என்ன புரியும்? அந்த இடத்தில் அதற்கு 'இன்றிலிருந்து ஐந்து வருஷம் கழித்து' என்று அர்த்தம் என்று சொன்னதும், மீதியை அவளே போட்டாள். அவளைத் தடுத்தது கணக்கு இல்லை, வாக்கியம்.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. அப்பா இன்ஜினீயர், தாத்தா ஆடிட்டர். "நம்மாத்துக் குழந்தைக்குக் கணக்கு வராதா? ரத்தத்திலேயே இருக்குமே!" என்று கேட்கும் குடும்பம். அதைக் கேட்டுக் கேட்டு, வராத கணக்கைக் காட்டப் பயந்து நோட்டையே ஒளித்து வைத்திருக்கிறாள். நம் சமூகத்தில் இந்தப் பேச்சு ரொம்ப சகஜம். ராமானுஜன் பெயரையும் கூடவே இழுப்போம். குழந்தையைப் பெருமைப்படுத்துவதாக நமக்கு நினைப்பு. கஷ்டப்படுகிற குழந்தையின் காதில் அது "உனக்கு வரவில்லை என்றால் உன்னிடம்தான் ஏதோ குறை" என்றுதான் விழுகிறது. அந்தக் குழந்தை அப்புறம் சந்தேகமே கேட்காது. இந்தப் பயத்தை வீட்டிலேயே, அதுவும் தாத்தா பாட்டியாலேயே, எடுத்துவிட முடியும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வயதின் மூன்று குணங்கள்

சமன்பாட்டுக்குப் போகுமுன் வயதைப் பற்றி மூன்று விஷயங்களைக் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரு வருஷம் போனால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். கணக்கில் "6 வருஷம் கழித்து" என்று வந்தால் அப்பாவுக்கும் 6, பிள்ளைக்கும் 6 கூட்ட வேண்டும். குழந்தைகள் செய்யும் தவறுகளில் முதல் இடம் இதற்குத்தான். ஒருவருக்குக் கூட்டிவிட்டு இன்னொருவரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, இரண்டு பேருக்கு நடுவில் உள்ள வித்தியாசம் என்றைக்கும் மாறாது. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் நாலு வயது வித்தியாசம் என்றால் பூணூல் போட்ட அன்றும் நாலு, சதாபிஷேகத்தன்றும் நாலு.

மூன்றாவது, மடங்கு மாறிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் 30 வயது வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 1 வயதில் அப்பா 31 மடங்கு. 2 வயதில் அப்பாவுக்கு 32, அதாவது 16 மடங்கு. 3 வயதில் 11 மடங்கு, 5 வயதில் 7 மடங்கு, 10 வயதில் 4 மடங்கு, 15 வயதில் 3 மடங்கு. பெண்ணுக்கு 30 ஆகும்போது அப்பாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி, அன்றைக்குச் சரியாக 2 மடங்கு. அப்பாவின் 80-இல் பெண்ணுக்கு 50, மடங்கு 1.6 ஆகிவிட்டது. முதலில் வேகமாக இறங்கி, பிறகு மெதுவாக 1-ஐ நோக்கி வரும். ஆனால் 1-ஐ ஒருநாளும் தொடாது, வித்தியாசம் இருக்கிறதே!

வித்தியாசம் மாறாது, மடங்கு மாறும். வயதுக் கணக்கு எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிறக்கிறது.

தெரியாததற்கு ஒரு பெயர்

இப்போது அல்ஜீப்ராவுக்கு வருவோம். 'எக்ஸ்' என்றாலே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதனால் இன்று நம் தேசத்துப் பழைய பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்கராசாரியார் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்கிறார். 'எவ்வளவோ அவ்வளவு' என்று அர்த்தம். எழுதும்போது சுருக்கமாக முதல் எழுத்து 'யா' மட்டும். தெரியாத எண்கள் பல இருந்தால் அடுத்தவற்றுக்கு நிறங்களின் பெயர்: காலகம் கறுப்பு, நீலகம் நீலம், பீதகம் மஞ்சள், லோஹிதகம் சிவப்பு. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே நிறங்களைத் தெரியாத எண்களாக வைக்கும் வழக்கம் இருக்கிறது. இங்கே நம் குழந்தைகள் இந்தியிலும் மராத்தியிலும் படிக்கும் 'பீஜகணித்', 'சமீகரண்' என்ற சொற்கள் அந்தப் பழைய நூல்களின் வழியாக வந்தவைதான்.

இந்த ஆசாரியர்கள் தங்கள் வயதையே கணக்காகச் சொன்னவர்கள். ஆர்யபடர், கலியுகத்தில் அறுபது அறுபது வருஷங்கள் போனபோது, அதாவது 60 x 60 = 3600 வருஷங்கள் போனபோது, தாம் பிறந்து 23 வருஷம் ஆகியிருந்தது என்கிறார். கலி 3600 என்பது கி.பி. 499. அதிலிருந்து 23 போனால் 476, அதுதான் அவர் பிறந்த ஆண்டு. பாஸ்கராசாரியார் சக வருஷம் 1036-இல் பிறந்ததாகவும், 36-ஆவது வயதில் சித்தாந்த சிரோமணியை எழுதியதாகவும் சொல்கிறார். 1036-உம் 36-உம் சேர்ந்தால் சகம் 1072, அதாவது கி.பி. 1150. லீலாவதியும் பீஜகணிதமும் அந்த நூலோடு சேர்ந்தவை. அவருடைய பேரன் சாங்கதேவன், தாத்தாவின் நூல்களைச் சொல்லிக் கொடுக்க ஒரு மடம் ஏற்படுத்தியதை, நம் மகாராஷ்டிரத்தில் சாலிஸ்காவ் பக்கத்திலுள்ள பாடண் கல்வெட்டு சொல்கிறது. தாத்தாவும் பேரனும் கணக்கும் சேர்ந்த சமாசாரம் இங்கே எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையது.

ஆர்யபடர் சொன்ன எளிய வழி ஒன்றும் உண்டு. கடைசியிலிருந்து பின்னோக்கி வருவது. கூட்டினதைக் கழி, கழித்ததைக் கூட்டு, பெருக்கினதை வகு, வகுத்ததைப் பெருக்கு. உதாரணமாக, "பாட்டி வயதோடு 8 கூட்டி, 4-ஆல் வகுத்து, 5 கழித்து, 3-ஆல் பெருக்கினால் 51" என்றால், 51-ஐ 3-ஆல் வகுக்க 17. 5 கூட்ட 22. 4-ஆல் பெருக்க 88. 8 கழிக்க 80. பாட்டிக்கு வயது 80. எழுதக்கூடத் தேவையில்லை.

ஆனால் தெரியாத எண் கணக்கில் ஒரே இடத்தில் வந்தால்தான் இது நடக்கும். வயதுக் கணக்கில் அது அப்பா பக்கமும் இருக்கும், பிள்ளை பக்கமும் இருக்கும். பின்னோக்கி வர வழியில்லை. அங்கேதான் சமன்பாடு தேவைப்படுகிறது.

ஒரு கணக்கு, ஒரு கட்டம்

இதோ ஒன்று. அப்பா, பிள்ளையைவிட 28 வயது மூத்தவர். 6 வருஷம் கழித்து அப்பாவின் வயது பிள்ளையின் வயதைப் போல் 3 மடங்காக இருக்கும். இப்போது அவர்கள் வயது என்ன?

குழந்தையை முதலில் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். மேலே இரண்டு தலைப்பு: 'இப்போது', '6 வருஷம் கழித்து'. பக்கவாட்டில் இரண்டு பெயர்: பிள்ளை, அப்பா. நாலே நாலு கட்டம்தான்.

பிள்ளைக்கு இப்போது: யா
அப்பாவுக்கு இப்போது: யா + 28
6 வருஷம் கழித்துப் பிள்ளைக்கு: யா + 6
6 வருஷம் கழித்து அப்பாவுக்கு: யா + 34

கட்டம் நிரம்பிய பிறகுதான் சமன்பாடு. "அன்றைக்கு அப்பா 3 மடங்கு" என்கிறது கணக்கு. இந்த 3-ஐ எந்தப் பக்கம் போடுவது என்று குழந்தை தடுமாறும். "இரண்டு பேரில் யார் சின்னவர்?" என்று கேளுங்கள். சின்னதைப் பெருக்கினால்தானே பெரியதுக்குச் சமமாகும்? ஆகவே 3 பிள்ளை பக்கம்.

யா + 34 = 3 (யா + 6)
யா + 34 = 3 யா + 18
16 = 2 யா
யா = 8

பிள்ளைக்கு 8, அப்பாவுக்கு 36. இதோடு நிறுத்தக் கூடாது. கணக்கை மறுபடி வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 6 வருஷம் கழித்து 14, 42. மூன்று மடங்கு சரி. வித்தியாசம் 28, அதுவும் சரி.

இங்கே அடைப்புக்குறியைக் கவனியுங்கள். பாதிக் குழந்தைகள் அதைப் போடாமல் 3 யா + 6 என்று எழுதுவார்கள். மூன்று மடங்காக வேண்டியது அன்றைய வயது முழுவதும், அதாவது யா + 6 முழுவதும். அடைப்புக்குறி அதைக் கட்டி வைக்கிற மூட்டை என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மனக்கணக்குப் பிரியர்கள் வேறு வழியிலும் போகலாம். வித்தியாசம் 28 மாறாது. அப்பா மூன்று பங்கு, பிள்ளை ஒரு பங்கு என்றால் வித்தியாசம் இரண்டு பங்கு. ஆகவே ஒரு பங்கு 14. அன்றைக்குப் பிள்ளைக்கு 14, இன்றைக்கு 8. விடை ஒன்றே.

எதற்குப் பெயர் வைப்பது?

அடுத்தது கொஞ்சம் நெளிவானது. 5 வருஷத்துக்கு முன் பாட்டியின் வயது பேத்தியின் வயதைப் போல் 9 மடங்கு. 5 வருஷம் கழித்து 4 மடங்காக இருக்கும். இப்போது வயது என்ன?

இப்போதைய வயதை யா என்று வைத்தாலும் விடை வரும், கழித்தல் நிறைய வரும். அதற்குப் பதில், 5 வருஷத்துக்கு முந்தைய பேத்தி வயதை யா என்று வைத்துப் பாருங்கள். அப்போது பாட்டிக்கு 9 யா. அங்கிருந்து '5 வருஷம் கழித்து' என்பது எத்தனை வருஷம்? ஐந்து இல்லை, பத்து. போன ஐந்தும் வரும் ஐந்தும் சேரும்.

9 யா + 10 = 4 (யா + 10)
9 யா + 10 = 4 யா + 40
5 யா = 30
யா = 6

6 வந்ததும் குழந்தை "பேத்திக்கு 6" என்று எழுதிவிடும். அது அன்றைய வயது. கேட்டது இன்றைய வயது. பேத்திக்கு 11, பாட்டி அன்று 54, இன்று 59. விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளில் இந்த 6-உம் 54-உம் ஒரு விடையாக அச்சாகி இளித்துக்கொண்டு நிற்கும். யா என்று எதற்குப் பெயர் வைத்தோம் என்பதை முதல் வரியிலேயே எழுதி வைத்தால் ஏமாற மாட்டோம்.

இனி நாக்கைச் சுற்ற வைக்கும் கணக்கு. அக்கா தங்கையிடம் சொல்கிறாள்: "உன் இப்போதைய வயது எனக்கு இருந்தபோது உனக்கு என்ன வயதோ, அதைப் போல் இரண்டு மடங்கு இப்போது என் வயது. நம் இரண்டு பேர் வயதையும் கூட்டினால் 63."

கேட்டதும் தலை சுற்றும். துண்டு துண்டாக எடுத்தால் ஒன்றுமில்லை. இங்கே வித்தியாசத்துக்குத்தான் யா என்று பெயர் வைக்க வேண்டும். அக்காவுக்குத் தங்கையின் வயது இருந்தது எப்போது? யா வருஷத்துக்கு முன். தங்கை வயது 'கா' என்றால், அன்றைக்குத் தங்கைக்கு கா – யா. இன்றைக்கு அக்காவுக்கு கா + யா.

கா + யா = 2 (கா – யா)
கா + யா = 2 கா – 2 யா
கா = 3 யா

தங்கை 3 பங்கு, அக்கா 4 பங்கு, மொத்தம் 7 பங்கு 63. ஒரு பங்கு 9. தங்கைக்கு 27, அக்காவுக்கு 36. சரிபார்க்கலாம். அக்காவுக்கு 27 ஆனபோது தங்கைக்கு 18. 18-இன் இரண்டு மடங்கு 36. சரியாக இருக்கிறது.

மைனஸ் வந்தால்?

அப்பாவுக்கு 50, பிள்ளைக்கு 26. அப்பாவின் வயது பிள்ளையின் வயதைப் போல் 3 மடங்காக எத்தனை வருஷம் ஆகும்? யா வருஷம் என்று வைத்துக்கொண்டால்,

50 + யா = 3 (26 + யா)
50 + யா = 78 + 3 யா
யா = –14

குழந்தை பயந்துபோய் எல்லாவற்றையும் அடித்துவிடும். அடிக்க வேண்டாம். மைனஸ் 14 என்றால் 14 வருஷத்துக்கு முன்பே ஆகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு 36, 12. பார்த்தீர்களா, நாம் வருங்காலத்தைக் கேட்டோம், சமன்பாடு கடந்த காலத்தைக் காட்டிப் பதில் சொல்கிறது.

ஆனால் சமன்பாட்டுக்கு நம் ஜாதகம் தெரியாது. அப்பாவுக்கு 40, பிள்ளைக்கு 20, அப்பாவின் வயது பிள்ளையின் வயதில் பாதியாக எப்போது ஆகும் என்று கேட்டால், –60 என்று கூசாமல் சொல்லும். 60 வருஷத்துக்கு முன் இரண்டு பேருமே பிறக்கவில்லை! விடை லோகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. பாஸ்கராசாரியாரும் இதைச் செய்திருக்கிறார். அவருடைய குரங்குக் கூட்டக் கணக்குக்கு 50, 5 என்று இரண்டு விடை வரும். கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மூன்று குறைத்து வர்க்கம் செய்ய வேண்டும். 5 குரங்கு என்றால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் 3 எப்படிப் போகும்? அதனால் 50-ஐ மட்டும் ஏற்றுக்கொண்டார்.

நம் வீட்டுக் கணக்குகள்

நம் வீட்டு விசேஷங்களிலேயே நல்ல கணக்குகள் இருக்கின்றன. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயரில் திரும்பும். 1965 ஏப்ரலில் பிறந்த விசுவாவசு, 2025 ஏப்ரலில் மறுபடி வந்தது. சஷ்டியப்தபூர்த்தியின் கணக்கு இதுதான். தாத்தாவும் பேரனும் அடுத்தடுத்த சுற்றில் ஒரே பெயருள்ள வருஷத்தில் பிறந்திருந்தால் வித்தியாசம் 60. தாத்தா எப்போது 4 மடங்கு? யா + 60 = 4 யா, ஆகவே யா = 20. தாத்தாவின் 80-இல் பேரனுக்கு 20.

சதாபிஷேகத்தை ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்கிறோம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் சராசரி 29.53 நாள். ஆயிரம் என்றால் 29,530 நாள். வருஷத்துக்கு 365.25 நாள். 365.25 யா = 29,530 என்றால் யா சுமார் 80.85, அதாவது ஏறத்தாழ 80 வருஷம் 10 மாதம். வருஷத்துக்கு 12 பௌர்ணமி என்று மட்டும் கணக்கிட்டால் 83 வருஷத்துக்கு மேல் ஆகும். அதிக மாசங்கள் அதை முன்னால் இழுக்கின்றன. குடும்ப சம்பிரதாயங்கள் மாறும், நாள் குறிப்பது வாத்தியார் காரியம். பேரனுக்குக் கணக்குச் சொல்வது தாத்தா காரியம்.

இன்னொரு வேடிக்கை. டி மார்கன் என்ற ஆங்கிலேயக் கணித மேதை, தமக்கு 'யா' வயதான ஆண்டு யா-வின் வர்க்கம் என்று சொன்னார். அவர் பிறந்தது 1806. 43-இன் வர்க்கம் 1849, அந்த ஆண்டில் அவருக்கு 43. இந்த பாக்கியம் 1980-இல் பிறந்தவர்களுக்கும் கிடைத்தது. 45-இன் வர்க்கம் 2025, அந்த ஆண்டில் அவர்களுக்கு 45. அடுத்து 46-இன் வர்க்கம் 2116. அதற்கு 2070-இல் பிறக்க வேண்டும்!

குறுக்கு வழியும் நேர் வழியும்

கோச்சிங் வகுப்புகளில் வயதுக் கணக்குக்கென்று பத்துப் பதினைந்து சூத்திரங்கள் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். கொடுத்த நாலு விடைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும் சொல்லித் தருகிறார்கள். ஒரு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி என்கிற தேர்வில் அது தப்பில்லை. ஆனால் அதை மட்டுமே கற்ற பிள்ளை, கணக்கின் வாக்கியம் கொஞ்சம் மாறினால் நின்றுவிடும். பள்ளித் தேர்வில் முழுக்க எழுத வேண்டிய கேள்விகளில் வழிமுறைக்கும் மார்க் உண்டு. முதலில் நேர் வழி. அது கைவந்த பிறகு குறுக்கு வழி தானாகத் தெரியும்.

வீட்டுப் பெரியவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் லோக்கல் ரயிலைப் பிடித்து ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் இரவாகிவிடுகிறது. சாயங்காலம் குழந்தையோடு இருப்பது நீங்கள்தான்.

கணக்கைக் குழந்தையின் வாயால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கணக்கும் புரியும், தமிழும் நிற்கும். கட்டம் போடாமல் சமன்பாடு எழுத விடாதீர்கள். விடை உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள், "யா என்று எதற்குப் பெயர் வைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். விடை வந்ததும் கணக்கை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ளவர்கள் வயதையெல்லாம் எழுதி, குழந்தையையே ஒரு கணக்கு உண்டாக்கச் சொல்லுங்கள். கணக்கு உண்டாக்கிய குழந்தை கணக்குக்குப் பயப்படாது.

கடைசியாக, நாக்குக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு வேண்டும். "நம்மாத்தில் எல்லோருக்கும் கணக்கு வரும்" என்றும் சொல்ல வேண்டாம், "எனக்கும் கணக்கு ஜீரோதான்" என்று சிரித்துக்கொண்டும் சொல்ல வேண்டாம். முதலாவது குழந்தைக்குப் பயத்தைக் கொடுக்கிறது, இரண்டாவது முயற்சியை விடச் சாக்குக் கொடுக்கிறது. "பெண் குழந்தைதானே, போகட்டும்" என்பது இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. "வா, கட்டம் போட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னால் போதும்.

வீட்டில் போட்டுப் பார்க்க மூன்று கணக்குகள்:

1. அண்ணாவுக்கும் தம்பிக்கும் 4 வயது வித்தியாசம். 6 வருஷத்துக்கு முன் அண்ணா வயது தம்பி வயதைப் போல் 2 மடங்கு. இப்போது வயது என்ன?

2. ஒரு தம்பதியின் வயது இப்போது 7-க்கு 6 என்ற விகிதத்தில் இருக்கிறது. 24 வருஷத்துக்கு முன் அது 5-க்கு 4. இப்போது வயது என்ன?

3. அம்மாவுக்கு 36, குழந்தைகளுக்கு 7, 5. குழந்தைகள் வயதின் கூட்டுத்தொகை அம்மா வயதுக்குச் சமமாக எத்தனை வருஷம் ஆகும்? வருஷத்துக்கு அம்மாவுக்கு ஒன்றுதான் கூடும், கூட்டுத்தொகைக்கு இரண்டு கூடும் என்பதை மறக்க வேண்டாம்.



(விடைகள்: 1. அண்ணா 14, தம்பி 10. 2. கணவர் 84, மனைவி 72. 3. 24 வருஷம். அன்று அம்மாவுக்கு 60, குழந்தைகளுக்கு 31, 29.)